சுவரிலிருந்து தாளுக்கு: மிதிலைப் பெண்களும் பேர் போடும் உரிமையும்

ஊர்க் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தவர், வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு அதன் மேல் தன் பேரை எழுதி வைப்பார். 'உபயம்' என்று போட்டு அப்பா பேர், தாத்தா பேர், சாதிப் பட்டம் எல்லாம் இருக்கும். அதை யாரும் தற்பெருமை என்று சொல்வதில்லை. தர்மம் என்கிறார்கள். நம்முடைய கல்வெட்டுகள் பெரும்பாலும் இந்த வகைதான். தானம் கொடுத்தவன் பேர் ஆயிரம் வருசமாகக் கல்லில் நிற்கிறது. அந்தக் கல்லை உடைத்தவன் பேரும் இல்லை, சுமந்தவள் பேரும் இல்லை. ஆனால் ஒரு பெண், தான் வரைந்த படத்தின் மூலையில் 'இது நான் செஞ்சது' என்று எழுதிவிட்டால் போதும். 'விளம்பரம் தேடுறா' என்று பேச்சு வந்துவிடும். அவள் சேரிக்காரியாகவும் இருந்துவிட்டால் 'எல்லாம் இட ஒதுக்கீடு குடுத்த தைரியம்' என்பார்கள். படம் வரைவதற்கும் இட ஒதுக்கீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஆள் இருக்காது.

பேர் போடுவதைப் பெருமைப் பிரச்சினையாக நான் பார்க்கவில்லை. அது கூலிப் பிரச்சினை. நிலத்துக்குப் பட்டா எப்படியோ, வேலைக்குப் பேர் அப்படி. பட்டா இல்லாத நிலத்தை யார் வேண்டுமானாலும் வளைத்துப் போடலாம். பேர் இல்லாத வேலையை யார் வேண்டுமானாலும் விற்கலாம். அதே நேரம் பஞ்சமி நிலத்தின் கதை தெரிந்த நமக்கு இன்னொன்றும் தெரியும். பட்டாவில் நம்ம பேர் இருக்கும், நிலம் வேறொருத்தன் கையில் இருக்கும். இந்த இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க எனக்கு அகப்பட்டது பிகாரின் மிதிலை. ராமாயணத்தில் சீதை பிறந்த நாடு என்று சொல்கிறார்களே, அந்த மிதிலைதான். இன்றைக்கு மதுபனி, தர்பங்கா மாவட்டங்களும் எல்லைக்கு அப்பால் நேபாளத்தில் இருக்கிற ஜனக்பூரும் சேர்ந்த பகுதி. அந்தப் பெண்கள் வரைகிற படத்தை 'மதுபனி' என்ற பேரில் நாம் பார்த்திருப்போம். சேலையில், பையில், காலண்டரில் எல்லாம் வருகிறது. மாவட்டத்தின் பேர் தெரிந்த நமக்கு வரைந்தவள் பேர் ஏன் தெரியவில்லை?

முதலில் அது சுவரில் இருந்தது. கல்யாண வீட்டில் மணமக்கள் தங்குகிற அறைக்குக் கோஹ்பர் என்று பேர். தாமரை, மூங்கில், மீன், ஆமை, கிளி என்று அந்த அறைச் சுவரில் வரைவார்கள். வீட்டுப் பெண்கள் கூடித்தான் வரைவார்கள். கை தேர்ந்த கிழவி கோடு போடுவாள், மற்றவர்கள் நிறம் ரொப்புவார்கள். சில வருசத்தில் மண்சுவர் உதிரும், பூசுவார்கள், படம் போய்விடும். மறு கல்யாணத்துக்கு மறுபடி வரைவார்கள். அங்கே யாரும் பேர் எழுதவில்லை. எழுத அவசியமில்லை. வரைந்தவள் யார் என்று ஊருக்கே தெரியும். 'இன்னாரு கை' என்று கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். நம்ம ஊரில் வாசலில் போட்ட கோலத்தைப் பார்த்து யார் வீட்டு மருமகள் போட்டது என்று சொல்லிவிடுவதில்லையா, அது மாதிரி.

1934 ஜனவரி 15இல் பிகாரில் பெரிய பூகம்பம் வந்தது. வீடுகள் இடிந்து, உள்ளே இருந்த சுவர்கள் வெளியே தெரிந்தன. மதுபனியில் அதிகாரியாக இருந்த டபிள்யூ.ஜி. ஆர்ச்சர் என்ற வெள்ளைக்காரர் அதைப் பார்த்து அசந்துபோனார். படம் பிடித்தார். 1949இல் 'மார்க்' என்ற கலைப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். மிதிலை ஓவியம் வெளியுலகத்துக்குத் தெரிந்தது அதன் வழியாகத்தான். அவர் பார்த்ததெல்லாம் பார்ப்பனர் வீட்டுச் சுவரும் காயஸ்தர் வீட்டுச் சுவரும். காயஸ்தர் என்றால் கணக்கு எழுதுகிற, எழுதுகோல் பிடித்த சாதி. ஊருக்கு வெளியே இருந்த குடிசைகளும் அந்தப் பூகம்பத்தில்தான் இடிந்திருக்கும். அந்தச் சுவர் வரலாற்றில் ஏறவில்லை.

1966-67இல் பிகாரில் கடும் பஞ்சம். அப்போது அகில இந்தியக் கைவினை வாரியத்தில் பொறுப்பில் இருந்தவர் புபுல் ஜெயகர். சுவரில் வரைகிற பெண்கள் தாளில் வரைந்தால் விற்கலாம், பஞ்சத்துக்குக் கஞ்சியாகும் என்று பாஸ்கர் குல்கர்னி என்கிற பம்பாய் ஓவியரைத் தாளோடு மதுபனிக்கு அனுப்பினார். ஜித்வார்பூர், ராந்தி ஆகிய கிராமங்களில் பெண்கள் தாளில் வரைய ஆரம்பித்தார்கள்.

அந்தத் தாளில்தான் பேர் பிறக்கிறது. சுவர் வீட்டை விட்டுப் போகாது. தாள் போகும். டெல்லிக்குப் போகும், ஜப்பானுக்குப் போகும். போன இடத்தில் 'இன்னாரு கை' என்று சொல்ல ஆள் கிடையாது. அதனால் மூலையில் எழுதினார்கள். எப்படி எழுதினார்கள் என்று கவனிக்கணும். வெறும் பேர் இல்லை. பேர், கிராமம், தபால் நிலையம், மாவட்டம் என்று தேவநாகரி எழுத்தில் முழு முகவரியும் எழுதின படங்கள் ஏராளம். எழுதத் தெரியாதவர்களுக்கு மகனோ வீட்டுக்காரரோ எழுதிக் கொடுத்தார்கள். கலை விமர்சகர்கள் இதைக் கையெழுத்து என்கிறார்கள். எனக்கு அது கடிதம் மாதிரிதான் படுகிறது. 'நான் இங்கதான் இருக்கேன். அடுத்த தடவை வேணும்னா நடுவுல எவனுக்கும் குடுக்காம நேரா எங்கிட்ட வா' என்று வாங்குபவனுக்கு எழுதின கடிதம். சுய விளம்பரம் என்று பேர் வைத்தால் வைக்கட்டும். தரகன் வாயில் விழாமல் தப்பிக்க ஏழைப் பெண்ணுக்குக் கிடைத்த ஒரே அச்சகம் அந்தப் படத்தின் மூலைதான்.

இப்படித்தான் சில பெண்களுக்குப் பேர் வந்தது. ஜகதம்பா தேவிக்கு 1975இல் பத்மஸ்ரீ. சீதா தேவிக்கு 1981இல். கங்கா தேவிக்கு 1984இல். இவர்கள் பாடு ஒன்றும் சுளுவான பாடு இல்லை. சீதா தேவி மகாபாத்திரப் பார்ப்பனர். சாவுக் காரியம் செய்கிறவர்கள் என்று பார்ப்பனர்களே ஒதுக்கி வைத்த பிரிவு. தனக்குக் கிடைத்த பேரை வைத்து அதிகாரிகளைப் பார்த்துப் பார்த்துத் தன் ஊருக்கு ரோடும் மின்சாரமும் பள்ளிக்கூடமும் கேட்டு வாங்கியவர் அவர். கங்கா தேவி காயஸ்தர். பிள்ளை இல்லை என்று புருசன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். அந்தம்மா ஒரு மெல்லிய பேனாக் கோட்டை வைத்துப் பிழைத்தார். ரஷ்யா, ஜப்பான், அமெரிக்கா போய்வந்தார். அமெரிக்காவில் பார்த்த ராட்டினத்தையும் வரைந்தார். புற்றுநோய் வந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலையும் ஊசியையும் டாக்டரையும் கல்யாணச் சுவரில் வரைந்த அதே கோட்டால் வரைந்தார். இவர்களை மேல்சாதி என்று சொல்லித் தள்ளிவிட நான் தயாராயில்லை. பெண் என்பதற்காகப் பட்டது அவர்களுக்கும் உண்டு.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. கங்கா தேவிக்குப் பிறகு 2011இல் மகாசுந்தரி தேவி, 2017இல் பௌவா தேவி, 2019இல் கோதாவரி தத்தா. 1975 முதல் 2019 வரை, 44 வருசத்தில், மிதிலை ஓவியத்துக்குப் பத்மஸ்ரீ வாங்கிய பெண்கள் இந்த ஆறு பேர். ஆறு பேரும் பார்ப்பனர் அல்லது காயஸ்தர். அந்த 44 வருசமும் தலித் பெண்கள் வரையாமலா இருந்தார்கள்?

வரைந்தார்கள். துசாத் என்பது பிகாரின் பெரிய தலித் சாதிகளில் ஒன்று. பாஸ்வான் என்று பேருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறார்களே, ராம்விலாஸ் பாஸ்வான், அவர்கள்தான். ஊர்க்காவல் அவர்கள் தொழில். ராகுவைக் கும்பிடுகிறவர்கள். ராகுவுக்கு நேர்ந்துகொண்டு நெருப்பு மிதிப்பார்கள். அவர்களுடைய வீரன் ராஜா சல்ஹேஷ். யானை மேல் வருவான். அவனை நினைத்து உருகுகிற மாலின்கள், பூக்கட்டும் பெண்கள், அந்தக் கதையில் வருவார்கள். நம்ம மதுரைவீரனையும் காத்தவராயனையும் தெரிந்தவர்களுக்குச் சல்ஹேஷைப் புரிய வைக்க வேண்டியதில்லை.

1970களில் எரிகா மோசர் என்கிற ஜெர்மன் மானுடவியல் அறிஞர் ஜித்வார்பூருக்கு வந்தார். துசாத் பெண்களையும் தாளில் வரையச் சொன்னார். அவர்கள் பக்கத்துத் தெருவின் கோஹ்பரைக் காப்பியடிக்கவில்லை. தங்கள் கையைப் பார்த்தார்கள். கையில் பச்சை இருந்தது. கோத்னா என்பது பச்சை குத்துவதற்கு அங்கே பேர். சானோ தேவி என்கிற துசாத் பெண் அந்தப் பச்சைக் கோலத்தை எடுத்துத் தாளில் வரிசை வரிசையாக வைத்தார். மூங்கில் குச்சி, விளக்குக் கரி, அவ்வளவுதான் கருவி. வட்டத்துக்குள் வட்டமாகப் பூ, மாடு, மனுசர், மரம், நடுவில் சல்ஹேஷ். சமார் சாதியைச் சேர்ந்த ஜமுனா தேவி சாணி கரைத்துத் தாளின் மேல் பூசி, அந்த மண்சுவர் நிறத்தின் மேல் வரைந்தார். சாணி மெழுகுவது யார் வேலை என்று நமக்குத் தெரியும். அந்த வேலையையே அவர் படத்தின் தரையாக மாற்றிவிட்டார்.

என் ஆயா கையிலும் பச்சை இருந்தது. முழங்கைக்குக் கீழே புள்ளி வைத்த கோலம். அதுக்குப் பக்கத்தில் தாத்தா பேர். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் உடம்பில் இருந்த ஒரே எழுத்து இன்னொருத்தர் பேர். அதைக் குத்திவிட்ட குறவர் வீட்டம்மா பேர் ஆயாவுக்கே தெரியாது. மிதிலையிலும் இதே கதைதான். ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்தியவர்கள் நட் சாதிப் பெண்கள். அவர்களும் பட்டியல் சாதியார். தாளில் ஏறிய கோத்னாவுக்குப் பின்னால் பேரே ஏறாத ஒரு கூட்டம் நிற்கிறது. துசாத் ஓவியம் என்று நாம் பெருமைப்படுகிறபோது அந்தப் பெண்களையும் சேர்த்துத்தான் சொல்லணும். இல்லாவிட்டால் நமக்கு நடந்ததை நாம் இன்னொருத்தருக்குச் செய்கிறோம் என்றாகும்.

இனி பேர் விசயத்துக்கு வருகிறேன். மிதிலையில் கல்யாணமான பெண் எந்தச் சாதியானாலும் 'தேவி' என்று போட்டுக்கொள்கிறாள். சீதா தேவி, கங்கா தேவி, சானோ தேவி, ஜமுனா தேவி. பேரை மட்டும் பார்த்தால் சாதி தெரியாது. ஆண்கள் பேரில் ஜா என்றும் பாஸ்வான் என்றும் தெரிந்துவிடும். ஆக, பெண்ணின் பேர் சாதியை மறைத்துவிடுகிறதே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கலைச் சந்தை சும்மா இருக்குமா? நிறம் ரொப்பி வரைந்தால் பர்னி, அது பார்ப்பனர் பாணி. கோடு கோடாக வரைந்தால் கச்னி, அது காயஸ்தர் பாணி. கோத்னா, அது துசாத் பாணி, அரிஜன் பாணி. இப்படிப் பிரித்து வைத்தார்கள். பேரில் இல்லாத சாதி படத்தின் வகையில் வந்து உட்கார்ந்துகொண்டது. தெருவைப் பிரித்த மாதிரி படத்தையும் பிரித்தாயிற்று.

இதனால் என்ன நடந்தது? பர்னி என்றதும் சீதா தேவி ஞாபகம் வந்தார். கச்னி என்றதும் கங்கா தேவி. கோத்னா என்றதும் ஞாபகம் வந்தது ஒரு சாதி. மேல்சாதிப் பெண் வரைந்தால் அவளுடைய மேதைமை. நம்ம பெண் வரைந்தால் 'அவங்க சமூகத்தோட பாரம்பரியம்'. தமிழ் எம்.ஏ. படித்தபோது நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளில் இதைத்தான் பார்த்தேன். அட்டையில் தொகுத்தவர் பேர் பட்டத்தோடு இருக்கும். பாடலுக்குக் கீழே நடவுப் பாட்டு, ஒப்பாரி என்று வகை இருக்கும், சிலதில் சாதியும் இருக்கும். பாடினவள் இருக்க மாட்டாள். சங்கப் பாடலில் பேர் தெரியாத புலவருக்குக் கூட அவர் பாட்டில் வந்த சொல்லையே பேராக வைத்துச் செம்புலப்பெயனீரார் என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். எங்க தெரு ஒப்பாரிக்காரிக்கு அந்த 'ஆர்' விகுதி கூடக் கிடைக்கவில்லை.

தன்னை முன்னிறுத்திக்கொள்வதற்கு முதலில் நிற்க ஓர் இடம் வேணும். ராந்தி கிராமத்துத் துலாரி தேவி கதை அதற்குச் சாட்சி. மல்லா என்கிற மீனவ சாதி. பிகாரில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது. சின்ன வயசில் கல்யாணம். பிறந்த குழந்தை ஆறு மாசத்தில் செத்துப்போக, தாய்வீட்டுக்கே திரும்பி வந்தார். மகாசுந்தரி தேவி வீட்டில் பெருக்கித் துடைக்கிற வேலைக்குப் போனார். அங்கே படம் வரைவதைப் பார்த்துப் பார்த்து, தன் வீட்டு மண் தரையில் குச்சியால் கீறிப் பழகினார். பிறகு அதே குடும்பத்தைச் சேர்ந்த கர்பூரி தேவி சொல்லிக் கொடுக்க, தாளுக்கு வந்தார். மீன் பிடிக்கிறவர்களையும் வயலில் வேலை செய்கிறவர்களையும் வரைந்தார். பள்ளிக்கூடம் போகாதவர். அவருக்கு எழுதத் தெரிந்தது இரண்டு: தன் பேர், தன் ஊர் பேர். வேறு எந்த எழுத்தையும் விட இந்த இரண்டும்தான் அவருக்குத் தேவைப்பட்டது. படத்தின் மூலைக்கு அது போதும்.

2010இல் சென்னையிலுள்ள தாரா புக்ஸ் அவருடைய வாழ்க்கைக் கதையை அவர் படங்களோடேயே ஆங்கிலத்தில் புத்தகமாகப் போட்டது. அட்டையில் துலாரி தேவி என்ற பேர் இருக்கிறது. 2021இல் பத்மஸ்ரீ வந்தது. 2025 பிப்ரவரி 1இல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் படிக்க வந்தபோது கட்டியிருந்த சேலை துலாரி தேவி வரைந்து கொடுத்தது. எல்லாப் பத்திரிகையும் சேலையைப் பற்றி எழுதும்போது துலாரி தேவி பேரையும் எழுதின. சந்தோசம்தான். ஆனால் தி.நகர்க் கடைகளில் 'மதுபனி பிரிண்ட்' என்று மிஷினில் அடித்து அடுக்கி வைத்திருக்கும் சேலைகளில் யார் பேர் இருக்கிறது? 2007இல் மதுபனி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அது ஊர்ப் பேரைத்தான் காக்கும். வரைந்தவள் பேரைக் காக்க அதில் வழியில்லை.

2017இல் மதுபனி ரயில் நிலையச் சுவர்களில் 200க்கும் மேற்பட்ட ஓவியர்கள் படம் வரைந்தார்கள். சிரமதானம் என்றார்கள், அதாவது சம்பளம் இல்லாத உழைப்பு. நம்ம பாசையில் வெட்டி வேலை. அடுத்த வருசம் ரயில்வே நடத்திய அழகு நிலையப் போட்டியில் மதுபனிக்கு இரண்டாம் பரிசு. நம்ம மதுரை நிலையமும் அதே இரண்டாம் பரிசைப் பகிர்ந்துகொண்டது. பரிசு நிலையத்தின் பேருக்கு வந்தது. தாளுக்கு வந்து பேர் வாங்கின கைகளை மறுபடியும் சுவருக்கே கூட்டிப்போய்க் கும்பலாக்கிவிட்டார்கள்.

பேர் இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் கங்கா தேவி, நோயோடு போராடிக்கொண்டே ஒரு கோஹ்பர் அறை முழுதும் வரைந்து வைத்தார். 1991இல் இறந்துபோனார். 2015இல் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி அந்தச் சுவரை அழித்துவிட்டார்கள். பத்மஸ்ரீ வாங்கிய, உலகம் சுற்றிய பெண்ணின் கதி அது. சுவர் யார் கையில் இருக்கிறதோ அவன்தான் கடைசியில் முடிவு செய்கிறான். பஞ்சமி நிலத்தைச் சொன்னேனே, அது இதுதான்.

2024இல் சாந்தி தேவிக்கும் அவர் கணவர் சிவன் பாஸ்வானுக்கும் சேர்த்துப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். துசாத்துகள், கோத்னா வரைகிறவர்கள். ஜகதம்பா தேவிக்கும் சாந்தி தேவிக்கும் நடுவில் 49 வருசம். சானோ தேவிக்கு அந்தப் பட்டம் வரவேயில்லை. ஆனால் அவர் ஆரம்பித்த கோத்னாவை இன்றைக்கு எத்தனையோ துசாத் பெண்கள் வரைந்து, அவரவர் பேரைப் போட்டுக்கொள்கிறார்கள். பட்டத்தை விட இது எனக்குப் பெரிசாகப் படுகிறது. சாதியின் பேரில் இருந்த ஒரு பாணியை, ஒவ்வொரு பெண்ணும் தன் பேரை எழுதி எழுதி, ஆளாளுக்குப் பங்கு பிரித்து எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

சில வருசத்துக்கு முன்னால் ஒரு நகரத்துக் கல்வி நிறுவனத்தில் கிராமியக் கலை விழா. எங்க பக்கத்துச் சேரியிலிருந்து ஆறு பெண்கள் ஒப்பாரி பாடப் போனார்கள். நானும் கூடப் போனேன். அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று பதினாலு பேர், பட்டங்களோடு. கடைசி வரியில் 'கிராமியக் கலை நிகழ்ச்சி'. அத்தை முறையாகும் ஒருத்தர், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர், அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "ஏம் பொண்ணு, இதுல எம் பேரு எங்க போட்டிருக்கு?" பக்கத்தில் இருந்த ஒருத்தர், "பாட்டிக்கு ஆசையப் பாரு" என்று சிரித்தார். அத்தை அவரைப் பார்த்துச் சொன்னார்: "ஆசையில்ல தம்பி. நாளைக்கு இன்னொருத்தி வந்து நாந்தான் பாடுனேன்னு காசு வாங்கிட்டுப் போயிட்டா?"

மிதிலைப் பெண்கள் தாளின் மூலையில் முகவரி எழுதின காரணம் அத்தைக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருந்தது. நாம் செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. டேப் எடுத்துக்கொண்டும் போனில் பதிவு செய்துகொண்டும் சேரிக்கு வருகிற தோழர்கள், பாட்டை எழுதுவதற்கு முன்னால் பாடுகிறவர் பேரை எழுதணும். ஊரோடு எழுதணும். அவர் சொல்கிற மாதிரி எழுதணும். கற்றுக் கொடுத்தவள் பேர் ஞாபகமிருந்தால் அதையும் எழுதணும். அழைப்பிதழிலும் புத்தக அட்டையிலும் அந்தப் பேர் வரணும். கொடுத்த காசு எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே எழுதணும். காசு கொடுக்கவில்லை என்றால், கொடுக்கவில்லை என்று எழுதணும்.